கிழக்குப் பார்த்த வில்லா

1

போன வெள்ளிக்கிழமை சார்ஜாவில் கடற்கரைச் சாலை வழியாக பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, நான் வரைந்த வீடு ஒன்றை முதல்முறையாக நேரில் பார்த்தேன். கட்டடப் படம் போடுகிற எங்களைப் போன்ற டிராப்ட்ஸ்மேன்களுக்கு இது அடிக்கடி நடப்பதில்லை. எங்கள் வேலை தாளோடு முடிந்துவிடும். கட்டுபவர்கள் வேறு ஆட்கள், குடியிருப்பவர்கள் வேறு ஆட்கள். மதுரை காளவாசலில் வேலை பார்த்தபோது எத்தனையோ அமெரிக்க வீடுகளுக்குப் படம் போட்டிருக்கிறேன். அதில் ஒன்றுகூட நிஜமாக நிற்கிறதா என்று எனக்குத் தெரியாது.

இந்த வீடு நின்றது. சூரியன் கடலுக்குள் இறங்குகிற நேரம். வெளிச்சம் நேராக வாசல் கதவின்மேல் விழுந்தது. அப்படித்தான் விழ வேண்டும், அது மேற்குப் பார்த்த வீடு. பக்கத்து சீட்டில் இருந்த பாகிஸ்தான்காரரிடம், "அது என் வீடு" என்றேன். எனக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான். அவர் என் சட்டையையும் மடியிலிருந்த காய்கறிப் பையையும் பார்த்தார். மாஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வீட்டை நான் தனியாக வரையவில்லை. என்னோடு சேர்ந்து வரைந்தவர் துளசிராம் அண்ணன். அவர் இப்போது மதுரையில் இருக்கிறார். புது சாப்ட்வேர் பிடிபடாமல் திரும்பி வந்துவிட்டார் என்று அங்கே ஒரு பேச்சு இருப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள். அப்படி இல்லை. நடந்தது என்ன என்று தெரிந்த ஆள் நான் ஒருவன்தான் என்பதால் எழுதி வைக்கிறேன்.

2

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். திருவாதவூர்ப் பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். சிவில் டிப்ளமோ முடித்ததும் ஊரில் என்னை இன்ஜினியர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் இன்ஜினியர் இல்லை, படம் போடுகிற ஆள் என்று விளக்கிப் பார்த்தேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் மரியாதை கொடுத்தார்கள். பிறகு விளக்குவதை விட்டுவிட்டேன்.

காளவாசலில் டயர் கடைக்கு மேல்மாடியில் ஒரு டிராயிங் ஆபீஸ் இருந்தது. வெளிநாட்டு வீடுகளுக்கு இங்கே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் படம் போட்டு அனுப்புவார்கள். கம்ப்யூட்டர்களுக்காக ஏசி போட்டிருந்தார்கள், அவை சூடாகாமல் இருந்த மிச்சம் எங்களுக்கும் கிடைத்தது. துளசிராம் அண்ணன் அங்கே சீனியர். முனிச்சாலைக்காரர். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், வெளியில் மதுரைத் தமிழ், வாடிக்கையாளர் போன் செய்தால் ஏதோ ஒரு ஆங்கிலம்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என்னை நிற்க வைத்துக் கேட்டார்.

"எந்தூரு மாப்ள?"

"திருவாதவூர்ண்ணே."

"வீட்ல என்ன பண்றாக?"

"வெவசாயம்ணே."

"நாத்து நட்டுருக்கியா?"

"நட்டுருக்கேண்ணே."

"அப்பக் கோடு நேராப் போடுவ. உக்காரு."

நேர்முகத் தேர்வு அதோடு முடிந்தது.

அவருடைய படத்தைக் கையில் எடுத்தாலே தெரிந்துவிடும். எந்தச் சுவர் வெட்டுப்பட்டு முன்னால் நிற்கிறது, எது தள்ளி நிற்கிறது, தலைக்கு மேலே என்ன போகிறது என்பதெல்லாம் கோட்டின் கனத்திலேயே இருக்கும். நாங்களும் அதே சாப்ட்வேரில், அதே பேனா அளவில்தான் போட்டோம். எங்கள் படம் கோலத்தை மழை நனைத்த மாதிரி இருக்கும்.

அவர் முதலில் சார்ஜாவுக்குப் போனார். அடுத்த வருடம் போன் செய்து, "மாப்ள, இங்க ஒரு சீட்டு இருக்கு. வாரியா?" என்றார். "வாரேண்ணே" என்றேன். என்ன வேலை என்று கேட்கவில்லை. அவர் பக்கத்தில் உட்காருகிற வேலையாகத்தான் இருக்கும்.

விசாவில் என் தொழில் டைல்ஸ் ஒட்டுபவர் என்று இருந்தது. அந்த வகையில்தான் கம்பெனிக்கு இடம் காலியாக இருந்ததாம். மருத்துவப் பரிசோதனைக்குப் போன இடத்தில் ஊழியர் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வேலைக்குப் புதுசா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதன்பிறகு விசாவைப் புதுப்பித்தும் ஆயிற்று. அரசாங்கக் கணக்கில் நான் இப்போது அனுபவசாலி.

அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் எனக்கு அங்கேதான் சாப்பாடு. அவர் மகள் பூர்ணிமா அப்போது இரண்டாம் வகுப்பு. அம்மாவிடம் சௌராஷ்டிரம், பக்கத்து பிளாட் பிள்ளைகளிடம் இந்தி, பொம்மைகளிடம் ஆங்கிலம். தமிழ் எனக்காக மட்டும் ஒதுக்கப்பட்டிருந்தது. "அங்கிள், நீங்க ஏன் எப்பவும் சேம் ஷர்ட் போடுது?" என்று கேட்பாள். பள்ளியில் சொந்த ஊர் எது என்று எழுதச் சொன்னதற்கு சார்ஜா என்று எழுதியிருந்தாள். அண்ணன் அதை அழித்து மதுரை என்று எழுதினார். அவள் அதை அழித்துவிட்டு மறுபடி சார்ஜா என்று எழுதினாள். தாள் அந்த இடத்தில் ஓட்டை விழுந்துவிட்டது.

"என்னண்ணே இது?" என்றேன்.

"விடு மாப்ள. விசா முடிஞ்சா அரசாங்கமே அழிச்சிரும்" என்றார்.

3

2007ஆக இருக்கலாம். எங்கள் மேனேஜர் சமீர், கெய்ரோக்காரர், ஒருநாள் காலையில் எல்லோரையும் கூப்பிட்டு, இனிமேல் படம் போட வேண்டாம் என்றார். வீட்டையே கம்ப்யூட்டருக்குள் கட்ட வேண்டும். சுவர், தளம், படி, கூரை எல்லாவற்றையும் அதனதன் அளவில். கட்டி முடித்தால் பிளான், எலிவேஷன், செக்ஷன் எல்லாம் அந்த மாடலிலிருந்து தானாக வந்துவிடும். முதலில் ஒரு வில்லா, சோதனைக்கு. செய்யப்போவது துளசிராமும் நானும். அது சரியாக வந்தால் இரண்டு பேர் விசாவும் புதுப்பிக்கப்படும். வராவிட்டால் வேறு ஆட்களைப் பார்ப்பார். அண்ணன் விசா அந்த வில்லாவோடு சேர்ந்து முடிவதாக இருந்தது.

அந்த வாரம் அப்பா போனில் கேட்டார்.

"இப்ப என்னதேன் வேலை பாக்குற?"

"வீட்டக் கம்ப்யூட்டருக்குள்ளயே கட்டுறேன்ப்பா. படம் அதுவா வந்துரும்."

"அதுவா வந்துருமா?"

"ஆமாப்பா."

"அப்ப ஒனக்கு எதுக்குய்யா சம்பளம்?"

போன் கார்டு மட்டும் கரைந்துகொண்டிருந்தது.

"சரி, மொதலாளிகிட்ட நீயாப் போயிச் சொல்லிக்கிறாத" என்று வைத்துவிட்டார்.

கற்றுக்கொடுக்க மரிசெல் என்ற மணிலாக்காரப் பெண் வந்தார். என்னைவிட இரண்டு வயது பெரியவராக இருப்பார். பொறுமைசாலி. பழைய முறையில் இரண்டு கோடு பக்கத்தில் பக்கத்தில் போட்டால் அது சுவர். நாம் சுவர் என்று நினைப்பதால் அது சுவர், கம்ப்யூட்டருக்கு அது வெறும் கோடு. புதிய முறையில் சுவர் என்றால் சுவரேதான். அதற்குக் கனம் உண்டு, உயரம் உண்டு, உள்ளே பிளாக்கும் வெளியே பூச்சும் உண்டு. ஜன்னல் உயரத்தில் குறுக்கே வெட்டி மேலிருந்து பார்த்தால் பிளான். மேலிருந்து கீழாக வெட்டிப் பக்கத்திலிருந்து பார்த்தால் செக்ஷன். வெட்டாமல் வெளியே நின்று பார்த்தால் எலிவேஷன், திசைக்கு ஒன்று. கேக் வெட்டுகிற மாதிரி என்றார் மரிசெல். அதை நான் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அண்ணனுக்கு இது மரியாதைக் குறைவாக இருந்தது. "செக்ஷன வெட்டி எடுக்குறதா? செக்ஷன யோசிச்சுல்ல போடணும்" என்றார். மாடலில் படியும் தளமும் ஒட்டாமல் இடைவெளி தெரிந்தால், மாடலைச் சரிசெய்யாமல் படத்தின்மேல் ஒரு கோடு போட்டு மறைத்துவிடுவார். பார்க்கச் சுத்தமாக இருக்கும். மரிசெல் மாடலில் மாடியை ஒரு அடி உயர்த்தினார். வீடு முழுக்க மேலே போனது. அண்ணன் போட்ட கோடு மட்டும் பழைய இடத்திலேயே காற்றில் நின்றது.

"மானத்த வாங்கிட்டாளேடா" என்றார் அண்ணன். அதற்குப் பிறகு மறைப்புக் கோடு போடவில்லை.

ஆனால் மாடலிலிருந்து முதல் தாளை அச்செடுத்தபோது நிலைமை மாறியது. எல்லாக் கோடும் ஒரே கறுப்பு. குழாய்த் திருகாணி, கதவுக் கீல், கழிவறை மூடியின் வளைவு, ஒன்றுவிடாமல் வந்திருந்தது. மாடலில் இருப்பதெல்லாம் தாளில் வந்து நின்றது.

"என்ன மாப்ள, வீட்டுக்கு எக்ஸ்ரே எடுத்தாப்ல இருக்கு" என்றார் அண்ணன்.

மரிசெல்லும் உதட்டைப் பிதுக்கினார். மாடல் கட்டுவது அவருக்குத் தெரியும். எதைக் காட்டாமல் விடுவது என்பது அவருக்கும் பிடிபடவில்லை. அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெட்டுப்பட்டதற்கு இந்தக் கனம், தூரத்தில் இருப்பதற்கு இந்தக் கனம், இந்த அளவில் கீல் வேண்டாம், அந்த அளவில் வேண்டும், அளவுக் குறிப்பு எழுத்து இவ்வளவு பெரிது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மரிசெல் சாப்ட்வேரில் அதை எங்கே நுழைப்பது என்று தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தார். பல நாள் எடுத்தது. கடைசியில் எந்த இடத்தில் வெட்டினாலும் காளவாசல் துளசிராம் போட்ட படமாகவே வந்து விழுந்தது. மரிசெல் அந்த அமைப்பை ஒரு கோப்பாகச் சேமித்து வைத்தார். அண்ணன் அன்றைக்கு எல்லோருக்கும் சமோசா வாங்கினார்.

இப்படியாக மாடல் கட்டுவது என் பொறுப்பு, தாளாக எடுப்பது அவர் பொறுப்பு என்று அமைந்தது.

4

வில்லா மாடலை ஆரம்பித்த நாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

அதே நாளில் ஊரில் எங்கள் புது வீட்டுக்கு நிலை வைத்தார்கள். காலையில் போனை எடுத்தால் அப்பா சத்தம். "நெலை வச்சாச்சுய்யா. கெழக்க பாத்து. கும்முனு நிக்கிது." பின்னால் யாரோ தேங்காய் எங்கே என்று கத்திக்கொண்டிருந்தார்கள். சுவர் இன்னும் எழும்பவில்லை. வெட்டவெளியில் வாசக்கால் மட்டும் முட்டுக் கொடுத்து நிற்கும், மஞ்சளும் குங்குமமுமாக. அதற்கு இரண்டு பக்கமும் சுவர் பிறகு வரும். நம் பக்கத்தில் வீடு அப்படித்தான் ஆரம்பிக்கும்.

ஆபீஸில் அண்ணனிடம் சொன்னேன். அவர் மணியைப் பார்த்தார்.

"மாப்ள, இங்கயும் நெலை வச்சே ஆரம்பிப்போம். வெறும் சொவத்துல தொடங்க வேணாம். நம்ம ரெண்டு பேரு பொழப்பும் இதுல இருக்கு."

எனக்கும் அது சரியாகவே பட்டது. ராகுகாலம் முடியும்வரை டீ குடித்தோம். பிறகு கதவை எடுத்து வெறும் தரையில் வைத்தேன். சாப்ட்வேர் ஏற்கவில்லை. வட்டத்துக்குள் குறுக்குக் கோடு போட்ட ஒரு சின்னத்தைக் காட்டியது. மரிசெல் எட்டிப் பார்த்துவிட்டு, சுவர் இல்லாமல் கதவை எப்படி வைப்பாய், கதவு சுவரைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும் என்றார்.

"இந்தப் புள்ளைக்கு எப்பிடிடா வெளங்க வைக்க, நம்மூர்ல சொவருதேன் கதவப் பிடிச்சுக்கிட்டு நிக்கிதுன்னு" என்றார் அண்ணன்.

வழி கண்டுபிடித்தது நான்தான். கதவு அகலத்துக்கு ஒரு துண்டுச் சுவர் போட்டு, அதில் வாசல் கதவை வைப்போம், மீதிச் சுவரைப் பிறகு நீட்டிக்கொள்ளலாம் என்றேன். அண்ணன் என் முதுகில் தட்டினார்.

சமீர் பென்சிலில் வரைந்து கொடுத்திருந்த கைப்படத்தில் வாசல் தாளின் கீழ்ப்பக்கம் இருந்தது. கம்ப்யூட்டர் திரையில் மேலே வடக்கு, வலது கை கிழக்கு. நாங்கள் கைப்படத்தைத் திருப்பி வாசலை வலது கைப்பக்கம் கொண்டுவந்தோம். நிலை கிழக்கே பார்க்க வேண்டும், வேறு எந்தப் பக்கம் பார்க்கும்? கைப்படத்தில் வடக்கைக் காட்டும் அம்பு இப்போது கீழே பார்த்தது. அதைக் கவனிக்காமலும் இல்லை. காளவாசலில் தாளுக்குத் தோதாக வீட்டை எந்தப் பக்கமும் திருப்பிப் போடுவோம், கடைசியில் அம்புக்குறியை மட்டும் சரியான திசைக்குத் திருப்பி ஒட்டிவிடுவோம். இங்கேயும் கடைசியில் ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்டோம்.

நேரம் பார்த்து வாசல் கதவை வைத்தேன். அண்ணன் வீட்டிலிருந்து கொண்டுவந்த சந்தனத்தில் ஒரு பொட்டு எடுத்து மானிட்டர் ஓரத்தில் வைத்தார். ஹேங் ஆகாமல் இருப்பதற்கா என்று மரிசெல் கேட்டார். அதற்கும் சேர்த்துத்தான் என்றேன்.

5

மாடல் வளர்ந்தது. தாள்கள் வந்தன. கடைசியில் ஒட்டலாம் என்று விட்ட அம்புக்குறியை ஒட்ட வேண்டிய வேலையே இருக்கவில்லை. அதுவும் மாடலிலிருந்து தானாக வந்து, எல்லாத் தாளிலும் மேலே பார்த்து நின்றது. வேலை இல்லாததால் ஞாபகமும் வரவில்லை.

இதைப் பற்றிப் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். பழைய முறையில் நான்கு எலிவேஷனையும் தனித்தனியாகப் போடுவோம். ஒன்றில் நான் தப்பாகப் போட்டால் இன்னொன்றில் அண்ணன் சரியாகப் போட்டிருப்பார், இரண்டும் முட்டிக்கொள்ளும், யாராவது சத்தம் போடுவார்கள். மாடலில் ஒன்றோடொன்று முட்டவே இல்லை. பிளான், எலிவேஷன், அம்புக்குறி எல்லாம் ஒரே பேச்சாக, வாசல் கிழக்கே பார்க்கிறது என்று சொல்லிவிட்டன. சமீர் தாள்களை அடுக்கி வைத்துப் பார்த்து, இவ்வளவு ஒற்றுமையான படங்களை இதுவரை பார்த்ததில்லை என்றார். சாயங்கால வெயில் எந்த ஜன்னலில் விழும் என்று மாடலிலேயே சூரியனை ஓட்டிப் பார்த்து, பின்பக்க ஜன்னல்களுக்கு மரச் சட்டத்தில் வெயில் மறைப்பும் வைக்கச் சொன்னார். வைத்தோம்.

வீட்டுக்காரர் அபு ராஷித் மகனோடு வந்தார். பெரிய வயது, மெதுவான நடை, ஆங்கிலமும் இந்தியும் கலந்த பேச்சு. கண்ணாடி அறையில் பேரீச்சம்பழமும் ஒரு கூஜாவில் கஹ்வா என்கிற அரபுக் காபியும் வைத்திருந்தார்கள். சமீர் எங்களையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். நானும் அண்ணனும் சட்டையை உள்ளே விட்டிருந்தோம்.

சமீர் திரையில் சூரியனை எழுப்பினார். வெளிச்சம் மெல்ல ஏறி வாசல் கதவின்மேல் விழுந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அபு ராஷித் இன்னொரு தடவை காட்டச் சொன்னார். சமீர் சந்தோஷமாகக் காட்டினார்.

"இது காலையா?" என்று கேட்டார்.

காலை என்றார் சமீர்.

"என் வாசலிலா?"

ஆமாம் என்றார் சமீர்.

"என் வாசலுக்கு எதிரே கடல். பிறந்ததிலிருந்து அந்தக் கடலுக்குள் சூரியன் இறங்கித்தான் பார்த்திருக்கிறேன். உங்கள் கம்ப்யூட்டரில் ஏறுகிறதே."

யாரும் பேரீச்சம்பழத்தை எடுக்கவில்லை. சமீர் முதலில் தன் கைப்படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார், அப்புறம் எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அண்ணனுடைய விசா, பூர்ணிமாவின் பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. யார் செய்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

"அவன் சின்னவன் சார். நான் சொல்லித்தான் செஞ்சான்" என்றார் அண்ணன், பாதி தமிழில்.

ஏன் என்று கேட்டார் சமீர். அது கஷ்டமான கேள்வி. அண்ணன் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த இந்தியில், எங்கள் ஊரில் வீட்டுக்கு முதலில் வாசலைத்தான் நிறுத்துவோம், நல்ல நேரத்தில், கிழக்கே பார்த்து, வீடு நன்றாக வர வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்துவிட்டோம் என்று விளக்கினார். அபு ராஷித் தலையாட்டிக் கேட்டார்.

"இங்கே நீ குடியிருக்கிற வீட்டு வாசல் எங்கே பார்க்கிறது?" என்றார்.

"லிப்டைப் பார்க்கிறது" என்றார் அண்ணன்.

கிழவர் சிரித்துவிட்டார். சமீர் சிரிக்கவில்லை.

6

அப்போதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. மரிசெல் ஒரு மதியம் சொல்லிக்கொடுத்தது. வீட்டைத் தொட வேண்டாம், மாடலுக்கு வடக்கு எது என்று தனியாகச் சொல்லலாம் என்று. பயனில்லாத பாடம் என்று நினைத்துக்கொண்டே நோட்டில் எழுதியிருந்தேன்.

"சார், கொஞ்சம் டைம் குடுங்க" என்று கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தேன். அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். வடக்கை அப்படியே மறுபுறம் திருப்பினேன். எல்லாத் தாளிலும் அம்புக்குறிகள் தலைகீழாகத் திரும்பின.

"கெழக்கு எலிவேஷன் பேர மேற்குன்னு மாத்து" என்றார் அண்ணன். மாற்றினேன். அது எந்தெந்தத் தாளில் குறிப்பிடப்பட்டிருந்ததோ அங்கெல்லாம் பெயர் மாறியது. "வடக்கத் தெக்காக்கு. அந்த வெயில் மறைப்பப் பின்னால இருந்து தூக்கு, முன்னால வையி. பொறு, அந்தச் சின்ன சன்னலுக்கு வேணாம், நல்லாருக்காது. ஆங்." அவர் சொல்லச் சொல்ல நான் மாற்றிக்கொண்டே போனேன். மாடலில் ஒரு இடத்தில் கைவைத்தால் பிளான், எலிவேஷன், செக்ஷன் எல்லாம் சேர்ந்து நகர்ந்தன. பழைய முறையில் இரண்டு பேரும் பல நாள் மாடு மாதிரி உழைத்திருப்போம்.

சமீர் மறுபடி சூரியனை ஓட்டினார். சாயங்காலம், கடலைப் பார்த்த வாசலில் வெளிச்சம் விழுந்து, மரச் சட்டங்களின் நிழல் சுவரில் கோடு கோடாக இறங்கியது. அபு ராஷித் கையிலிருந்த கஹ்வா இன்னும் ஆறவில்லை. அவர் தலையசைத்துவிட்டு ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்தார்.

அன்று மதியம் சமீர் எங்கள் இரண்டு பேருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். "பொழச்சோம்டா மாப்ள" என்றார் அண்ணன். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த வாரம் சமீர் அண்ணனை மட்டும் அறைக்குக் கூப்பிட்டார். விசா புதுப்பிக்கப்படாது என்றார். தப்புக்குத் தண்டனையா என்று அண்ணன் கேட்டாராம். இல்லை, தப்பை மறந்தாயிற்று, அதைச் சரிசெய்த வேகத்தைத்தான் மறக்க முடியவில்லை என்றாராம் சமீர். இரண்டு ஆட்கள் பல நாள் பார்க்க வேண்டிய வேலையை ஒரு ஆள் காபி ஆறுவதற்குள் முடித்ததைக் கம்பெனி முதலாளியிடம் பெருமையாகச் சொன்னாராம். முதலாளி, அப்படியானால் இரண்டு ஆட்கள் எதற்கு என்று கேட்டாராம்.

நான் சமீரிடம் போனேன். மாற்றியது என் கை, சொன்னது அண்ணன் என்றேன். மாடல் என்னுடையது, ஆனால் தாள் அவருடையது, அவர் இல்லாமல் எடுத்தால் எக்ஸ்ரே மாதிரி இருக்கும் என்றேன். ஆங்கிலத்தில் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுவே முதல்முறை. சமீர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து மரிசெல் சேமித்து வைத்திருந்த கோப்பைக் காட்டினார்.

"அவர் இங்கே இருக்கிறார்" என்றார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதைச் சொல்லும்போது அவர் முகமும் நன்றாக இல்லை. கொஞ்ச காலம் கழித்து ஊர் முழுவதும் ஆள் குறைத்தார்கள், கிரேன்கள் நின்றுபோயின, சமீரும் கெய்ரோவுக்குப் போய்விட்டார். அண்ணன் எல்லோருக்கும் முன்னால் போனவர், அவ்வளவுதான்.

சமீரிடம் பேசிய அன்று ராத்திரியே அண்ணன் வீட்டுக்குப் போனேன். பெட்டிகள் திறந்து கிடந்தன. மன்னிப்பாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"என்னடா, எழவு வீட்டுக்கு வந்தாப்ல நிக்கிற? நீ திருப்பாம விட்டுருந்தா ரெண்டு பேரும் சேந்து போயிருப்போம். ஒரு டிக்கெட்டு மிச்சம்ல?" என்றார்.

பூர்ணிமா சோபாவில் உட்கார்ந்து, மதுரையில் ஸ்கூல் பஸ்ஸில் ஏசி இருக்குமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இருக்காது என்று அண்ணி சௌராஷ்டிரத்தில் சொன்னார். ஜன்னல் இருக்கும் என்றார் அண்ணன் தமிழில். ஜன்னல் என்றால் என்ன என்று அவள் என்னைப் பார்த்தாள். நான் கையால் காட்டினேன்.

7

அண்ணன் ஆபீஸுக்கு வந்த கடைசி நாள் வியாழக்கிழமை. அடையாள அட்டையையும் மேஜைச் சாவியையும் ஒப்படைத்துவிட்டு, சாயங்கால விமானம். காலையிலேயே சமீர் என்னிடம் ஒரு வேலை சொல்லியிருந்தார். வில்லாவின் தாள்கள் அன்றைக்கு நகராட்சிக்குப் போக வேண்டும். ஒவ்வொரு தாளின் மூலையிலும் வரைந்தவர் என்ற கட்டத்தில் எங்கள் இரண்டு பேர் பெயரும் இருந்தது. வேலையில் இல்லாதவர் பெயர் இருந்தால் கேள்வி வருமாம். ஒரு பெயரை எடுத்துவிடச் சொன்னார்.

நான் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். செய்ய வேண்டிய வேறு வேலை ஒன்றுமில்லை. படிக்கட்டுக் கைப்பிடியைப் பெரிதாக்கிப் பார்த்தேன், சின்னதாக்கிப் பார்த்தேன். மதியம் ஆனது. எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டு அண்ணன் என் மேஜைக்கு வந்தார்.

"வில்லா இன்னும் போகலையா?"

"போகும்ணே."

"என்ன பாக்கி?"

அவர் திரையைப் பார்த்தார். தாளின் மூலையைப் பார்த்தார். சமீர் அறைப் பக்கம் பார்த்தார். புரிந்துகொள்ள அவருக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை.

"நீ செய்ய மாட்ட. தள்ளு" என்றார்.

"அண்ணே, வேணாம்ணே."

"தள்றா. ஏர்போட்டுக்கு நேரமாகுதுல்ல."

உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முதல் தாளைத் திறந்து மூலைக்குப் போனார். மவுஸில் கைவைத்துவிட்டு நிறுத்தினார். "ஒவ்வொரு தாளாவா மாத்தணும்?"

"இல்லண்ணே. ஒரு எடத்துல மாத்துனா எல்லாத்துலயும் மாறிரும்."

"எங்க?"

காட்டினேன். அவர் தன் பெயரின் ஒவ்வொரு எழுத்தாகப் பின்னாலிருந்து அழித்தார். இரண்டு பெயருக்கும் நடுவில் இருந்த கமாவையும் மறக்காமல் எடுத்தார். என் பெயர் கட்டத்தின் ஓரத்தில் ஒதுங்கி நின்றது. அதை நடுவுக்குக் கொண்டுவந்தார்.

"அட, இம்புட்டு வெரசா வருதே" என்றார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். இத்தனை நாளும் அந்த சாப்ட்வேரை அவர் இப்படிப் பாராட்டி நான் கேட்டதில்லை.

எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழவில்லை. முதல் தாளைத் திறந்து மூலையைப் பெரிதாக்கிப் பார்த்தார். அடுத்த தாள். அதற்கடுத்த தாள். பிளான்கள், எலிவேஷன்கள், செக்ஷன்கள், கதவு ஜன்னல் விவரத் தாள் என்று ஒவ்வொன்றாகத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியும் இறக்கியும் மூலையை மட்டும் பார்த்துக்கொண்டே போனார். கீழே டாக்சிக்காரர் போன் அடித்துக்கொண்டிருந்தார். கடைசித் தாள்வரை பார்த்து முடித்தார். ஒன்றிலும் அவர் பெயர் இல்லை.

"சரியா இருக்கு மாப்ள. பிரிண்ட் குடு" என்றார்.